புகார் எப்படி சென்டிமென்ட் ஆகிறது?

போன மாதம் அக்கா பையன் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். தில்லைநகரில் ஒரு சின்ன டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆபீஸில் வேலை. ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், பல் ஆஸ்பத்திரி என்று இருபது இருபத்தைந்து இடங்களின் பெயரை இணையத்தில் யார் எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனித்து, வாராவாரம் முதலாளிகளுக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். லேப்டாப்பைத் திறந்து ஒரு வட்டப் படத்தைக் காட்டினான். முக்கால்வாசி பச்சை. ஒரு கீற்று சிவப்பு. மீதி சாம்பல்.

"இது ஒரு ஜவுளிக்கடை மாமா. நல்ல பேரு."

பச்சைக்குள்ளே என்னதான் இருக்கு, காட்டேன் என்றேன். கிளிக் பண்ணினான். மேலேயே இது இருந்தது: "வேற லெவல் சர்வீஸ் சார். பில் போட ஒன்றரை மணி நேரம். சிறப்பு, மிகச் சிறப்பு."

படித்ததும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, இது திட்டுது மாமா!"

இதையெல்லாம் யாரும் படிச்சுத் திருத்த மாட்டீங்களா என்று கேட்டேன். "எங்க மாமா நேரம்? சிவப்பு மட்டும் பார்ப்போம். அதுலயும் யாருக்கு ஃபாலோயர்ஸ் ஜாஸ்தியோ அவங்க முதல்ல" என்றான்.

பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் கையில் கொடுத்திருக்கும் கருவி அப்படி. ஆனால் அவன் சொன்ன அந்தக் கடைசி வரி மனதிலேயே நின்றது. சிவப்பு முதலில், சிவப்பிலும் பெரிய ஆள் முதலில். தொழிலில் இதற்கு "சோஷியல் லிசனிங்" என்று பெயர். அதாவது, கேட்பது. யார் பேச்சை, எதற்காகக் கேட்கிறார்கள்? ஒரு வாரமாக இதைப் பற்றிப் படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வாரம் ஒரு ரிப்போர்ட்

இந்தத் தொழிலின் கதையை வழக்கமாக 2005-இலிருந்து சொல்வார்கள். ஜெஃப் ஜார்விஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் தன் டெல் லேப்டாப் படுத்திய பாட்டை வலைப்பதிவில் எழுதினார். அந்தத் தலைப்பில் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் கதையையும் சேர்த்துச் சொல்ல, டெல் நிறுவனத்தின் பெயர் கெட்டது. 2010 டிசம்பரில் அதே டெல், டெக்சாஸில் இருக்கும் தன் தலைமையகத்தில், சுவர் நிறையத் திரைகள் வைத்து, உலகம் தன்னைப் பற்றிப் பேசுவதைக் கவனிக்க ஒரு அறையையே திறந்தது. அந்த மாதிரி அறைகளுக்குக் கருவி செய்து கொடுத்த ரேடியன்6 என்ற நிறுவனத்தை 2011-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் 30 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அதன் பிறகு இது ஒரு பெரிய தொழில்.

ஆனால் நம் ஊரில் இதற்கு இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னை மாகாண அரசு, தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருதுப் பத்திரிகைகளை வாங்கி, அரசு மொழிபெயர்ப்பாளர்களை வைத்துப் படிக்கச் சொல்லி, முக்கியமானவற்றை ஆங்கிலத்தில் சுருக்கி அச்சடித்த ரகசிய ரிப்போர்ட்டாக அதிகாரிகளுக்கு அனுப்பியது. சுதேசி பத்திரிகை அறிக்கைகள் என்று ஆய்வாளர்கள் சொல்வது இவற்றைத்தான். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். மூலப் பத்திரிகை ஒரு பிரதிகூட மிஞ்சாமல் போன இடங்களில், அது என்ன எழுதியது என்பதற்கு இந்த அறிக்கைகள்தான் இன்று சாட்சி.

அரசுக்கு ஊர்ப் பத்திரிகைகள் மேல் பாசம் ஒன்றும் கிடையாது. ராஜத்துரோகம் எங்கே முளைக்கிறது என்று பார்க்கத்தான் அவ்வளவு செலவு. 1908-இல் சுதேசமித்திரன் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைதானார். அதே வருடம் 'இந்தியா' வாரப் பத்திரிகை மேல் வழக்கு வந்தபோது, சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் சிறைக்குப் போனார். எழுதிய பாரதி புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். மேலிடத்துக்குக் கோபம் வரும்போது கைக்கு அகப்படுகிற ஆள் மாட்டுவது புதிதல்ல. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இருந்தாலும் அந்த அறிக்கைகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அவை பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். போலீஸ், கோர்ட், சிறை, கல்வி, நகராட்சி, நிலம், ரயில், பயிர் நிலை, மக்கள் நிலை என்று. எந்தக் கிணறு வற்றியது, எந்தத் தாசில்தார் லஞ்சம் கேட்டார் என்ற விவரம் அந்தக் கட்டங்களுக்குள் தப்பிப் பிழைத்தது. படித்தவர் தமிழ் தெரிந்த மனிதர். பகடியைப் பகடி என்று கண்டுகொள்ளக்கூடியவர். சந்தேகக் கண்ணோடு கேட்ட அரசுக்குக்கூட "என்ன நடந்தது" என்ற கேள்வி தேவைப்பட்டது. இன்றைய வட்டப் படத்தில் அந்தக் கேள்வியே இல்லை. பச்சையா, சிவப்பா. அவ்வளவுதான்.

2021 அக்டோபர் 18

தமிழ்நாட்டில் இந்த விஷயத்தைப் பேசுவதென்றால் ஜொமேட்டோ கதையைத் தாண்டிப் போக முடியாது. அன்றைக்கு நிறைய பேர் ட்வீட் போட்டோம், மறந்தும் விட்டோம். இப்போது ஆறின பிறகு திரும்பப் படித்தால் வேறு விஷயங்கள் கண்ணில் படுகின்றன.

தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர் சாப்பாடு ஆர்டர் செய்கிறார். வந்ததில் ஒரு அயிட்டம் இல்லை. செயலியின் சாட்டில் புகார் சொல்கிறார். உணவகத்தோடு பேச மொழி தடையாக இருக்கிறது, அதனால் பணத்தைத் திருப்ப முடியவில்லை என்கிற மாதிரி பதில் வருகிறது. தமிழ்நாட்டில் வியாபாரம் செய்தால் தமிழ் தெரிந்தவர்களை வேலைக்கு வைக்கலாமே என்கிறார் இவர். இந்தி நம் தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்கிறார் அந்த ஊழியர். ஸ்கிரீன்ஷாட் ட்விட்டருக்கு வருகிறது. ஒரே இரவில் ஜொமேட்டோவைப் புறக்கணிக்கச் சொல்லும் ஹேஷ்டேக் மேலே போகிறது. எம்.பி.க்கள் பேசுகிறார்கள்.

மறுநாள், 19-ஆம் தேதி, நிறுவனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்பு அறிக்கை விடுகிறது. "வணக்கம் தமிழ்நாடு" என்று ஆரம்பம். அந்த ஊழியரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம், செயலியின் தமிழ் வடிவம் தயாராகிக்கொண்டிருக்கிறது, கோயம்புத்தூரில் தமிழ் வாடிக்கையாளர் சேவை மையம் அமைக்கிறோம், விளம்பரத்துக்கு அனிருத்தை வைத்திருக்கிறோம் என்று வரிசையாகச் சொல்கிறது. சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல் தானே ட்வீட் செய்கிறார். ஒரு சேவை மையத்தில் யாரோ தெரியாமல் செய்த தவறு தேசியப் பிரச்சினை ஆகிவிட்டது, நாட்டில் சகிப்புத்தன்மை இன்னும் கூட வேண்டும், அந்த ஊழியரைத் திரும்ப வேலைக்கு எடுக்கிறோம், அவர்கள் இளைஞர்கள், மொழிகளிலும் பிராந்திய சென்டிமென்ட்களிலும் நிபுணர்கள் அல்லர், நானும் அல்ல. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

வேலையைத் திருப்பிக் கொடுத்தது சரி. அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. சாட்டில் உட்கார்ந்து நாள் முழுக்கப் புகார் வாங்கும் ஒருவர், பள்ளியில் தப்பாகக் கற்றதைத் திருப்பிச் சொன்னதற்காகச் சோறு இழக்கக் கூடாது. அப்படியானால் காலையில் நீக்கியது எதற்காக? அந்த ஊழியரின் தவறு காலையில் ஒரு அளவாகவும் மாலையில் ஒரு அளவாகவும் இருந்திருக்க முடியாது. மாறியது வெளியே கேட்ட சத்தத்தின் அளவு. முதல் சத்தத்துக்கு ஒருவர் வேலை போனது. எதிர்ச்சத்தம் வந்த நாளிலேயே திரும்பி வந்தது. ஒருவருடைய சம்பளம் ஒரு நாளில் இரண்டு முறை ட்ரெண்டிங்கோடு சேர்ந்து ஆடியது. 1908-இல் பதிவேட்டில் பெயர் இருந்தவர் மாட்டினார். 2021-இல் சாட்டில் பெயர் இருந்தவர் மாட்டினார்.

இன்னொன்று. அந்த முழு உரையாடலும் ட்விட்டருக்கு வருவதற்கு முன்னால் எங்கே இருந்தது? நிறுவனத்தின் சொந்த சாட் பெட்டியில். அதைத் தேடிப் பிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். தமிழ்நாட்டு உணவகத்தோடு பேச ஆள் இல்லாததால் தமிழ்நாட்டு வாடிக்கையாளரின் பணம் நிற்கிறது என்ற தகவல் அவர்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு நடந்தால் பத்துப் பேருக்கு நடந்திருக்கும் என்று யூகிக்க நிபுணத்துவம் தேவையில்லை. வாடிக்கையாளர் நிறுவனத்திடம் பேசியபோது கேட்காத காது, ஊரிடம் பேசியபோது கேட்டது.

அந்த வார்த்தை

கோயலின் ட்வீட்டில் என்னை நிறுத்திய சொல் "சென்டிமென்ட்". அக்கா பையனின் டேஷ்போர்டிலும் பச்சை, சிவப்பு வட்டத்துக்கு மேலே அதே சொல்தான் எழுதியிருக்கிறது.

நம் பேச்சில் சென்டிமென்ட் என்றால் என்ன? ஒரு ஹீரோ தன் படங்களுக்கு ஒரே எழுத்தில் தலைப்பு வைத்தால் சென்டிமென்ட். அம்மா சாகிற காட்சி சென்டிமென்ட். கடை திறக்கும்போது மஞ்சள் பையை விடமாட்டேன் என்றால் அதுவும் சென்டிமென்ட். காரணம் கேட்கக் கூடாத, மதித்து ஒதுங்கிப் போக வேண்டிய ஒன்று. "அவருக்கு அது சென்டிமென்ட்ப்பா, விடு" என்போம்.

இப்போது அந்த வாடிக்கையாளர் சொன்னதைப் பிரித்துப் பார்ப்போம். ஒன்று, காசு கொடுத்த பொருள் வரவில்லை. இது கணக்கு. இரண்டு, தமிழ்நாட்டில் தொழில் செய்தால் தமிழில் சேவை வேண்டும். இது கோரிக்கை. இதற்கு ஊழியரிடமிருந்து வந்தது, இந்தி தேசிய மொழி என்ற கூற்று. இது தகவல் பிழை. அரசியல் சாசனத்தின் 343-ஆவது பிரிவு தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்கிறது. தேசிய மொழி என்று எந்த மொழியையும் சாசனம் சொல்லவில்லை. கணக்கு, கோரிக்கை, தகவல் பிழை. மூன்றுக்கும் பதில் சொல்ல முடியும். மூன்றையும் சேர்த்து "பிராந்திய சென்டிமென்ட்" என்று ஒரு மூட்டையாகக் கட்டிவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை. புண்பட்டவரைச் சமாதானம் செய்தால் போதும். வணக்கம் சொல்லலாம், நம் ஊர் இசையமைப்பாளர் பெயரைச் சொல்லலாம்.

இந்தத் தொழில் மேல் என் முதன்மையான விமர்சனம் இதுதான். அது புகாரை எடுத்து, உள்ளே இருக்கும் விவரத்தைக் கழித்துவிட்டு, கோபத்தை மட்டும் அளக்கிறது. பிறகு கோபத்தைக் குறைப்பதே வேலை என்று நினைத்துக்கொள்கிறது.

இதன் அடுத்த கட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. குர்குரேவில் பிளாஸ்டிக் இருக்கிறது என்ற பொய் வருடக்கணக்காகச் சுற்றியது. பெப்சிகோ 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்தப் பதிவுகளை முடக்க உத்தரவு வாங்கியது. பட்டியலில் 20,000-க்கு மேல் ஃபேஸ்புக் பதிவுகள், 500-க்கு மேல் ட்வீட்டுகள், 200-க்கு மேல் யூடியூப் வீடியோக்கள். பொய்யை மறுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் வதந்தி பரப்பியவர்களோடு, சும்மா ஜோக் அடித்தவர்களும் இருந்தார்கள். கருவிக்கு இரண்டும் சிவப்பு.

கருவிக்குத் தமிழ் தெரியுமா?

இதெல்லாம் கொள்கைப் பேச்சு, டெக்னாலஜி சரியாகிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதையும் பார்த்துவிடுவோம்.

நாம் இணையத்தில் எழுதுவது ஒரு மொழி அல்ல. தமிழ் எழுத்தில் தமிழ், ஆங்கில எழுத்தில் தமிழ், நடுவில் ஆங்கிலம், எல்லாம் ஒரே வரியில். இதை ஆராய்வதற்கென்று 2020-இல் பாரதிராஜா சக்கரவர்த்தியும் உடனிருந்த ஆய்வாளர்களும் ஒரு தரவுத் தொகுப்பை வெளியிட்டார்கள். 2019-இல் வந்த தமிழ்ப் பட டிரெய்லர்களுக்குக் கீழே யூடியூபில் எழுதப்பட்ட 15,744 கமெண்ட்டுகள். ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று பேர் படித்து, நல்லதா, கெட்டதா, கலவையா, ஒன்றும் சொல்ல முடியாததா, தமிழே இல்லையா என்று குறித்தார்கள். கவனிக்க வேண்டியது, குறித்த மனிதர்களுக்குள்ளேயே எவ்வளவு ஒப்புதல் இருந்தது என்பது. முழு ஒப்புதலுக்கு 1 என்று வைத்தால், அது 0.7-ஐக்கூட எட்டவில்லை. தமிழ் தெரிந்தவர்களே கமெண்ட்டைப் படித்துவிட்டு இது பாராட்டா, நக்கலா என்று பிரிந்து நின்றிருக்கிறார்கள்.

அதே வருடம் இந்தத் தொகுப்பை வைத்து ஒரு ஆய்வுப் போட்டி நடந்தது. தமிழில் முதலிடம் பிடித்த அணியின் மதிப்பெண் 0.65. மலையாளத்தில் 0.74. இது வேறு அளவுகோல், மேலே சொன்ன எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. அதன் பிறகு மாடல்கள் நிறைய முன்னேறியும் விட்டன. ஆனால் சிரமம் எங்கே என்று இந்த எண்கள் காட்டிவிடுகின்றன.

யோசித்துப் பாருங்கள். கொன்னுட்டான், மரண மாஸ், வெறித்தனம், பயங்கரமா இருக்கு, தாறுமாறு. எல்லாம் பாராட்டு. நல்லா இருங்க சாமி, ரொம்ப சந்தோஷம், உங்க சேவைக்கு ஒரு கும்பிடு. எல்லாம் திட்டு. காவிரிக்கரைக்காரர்களின் குசும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஸ்ரீரங்கம் இறங்குவதற்குள், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டரும் பயணிகளும் பேசுவதைப் பதிவு செய்து எந்தக் கருவியிடம் கொடுத்தாலும் பாதியைப் பச்சை என்றுதான் சொல்லும்.

அந்த பஸ் பேச்சு கருவிக்கு எட்டவே எட்டாது என்பது அடுத்த விஷயம். நம் ஆட்கள் ஒரு கடையைப் பற்றி உண்மையில் பேசுவது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், அபார்ட்மென்ட் குரூப்பில், ஸ்கூல் வாசலில். வாட்ஸ்அப் 2016-இலிருந்து முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டது. அது நல்லதுதான், அங்கேயும் வந்து கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெளியே தெரிவதை மட்டும் எடுத்து வட்டம் போட்டுவிட்டு, "மக்கள் இப்படி நினைக்கிறார்கள்" என்று கீழே எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

திருச்சிக்கு மதிப்பெண்

கடைகளை விடுங்கள், நம் ஊரே ஒரு பிராண்டாக மதிப்பெண் வாங்கிய கதை ஒன்று இருக்கிறது. ஸ்வச் சர்வேக்ஷன் என்ற மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில் 2016-இல் 73 நகரங்களில் திருச்சி மூன்றாவது. மைசூரும் சண்டிகரும்தான் முன்னால். ஊரே பூரித்தது. நானும் பூரித்தேன். 2017-இல் 434 நகரங்களில் ஆறாவது. 2018-இல் 13. 2019-இல் 39.

2017 கணக்கெடுப்பில் மொத்தம் 2000 மதிப்பெண். அதில் 600 மக்களின் கருத்துக்கு. அதாவது 30 சதவீதம். மக்களைக் கேட்கிறார்கள், நல்ல விஷயம்தானே? அந்த 600-க்குள்ளேயே தூய்மைச் செயலியை எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள், பயன்படுத்துகிறார்கள் என்பதற்கும் பங்கு இருந்தது. விளைவு, நாடு முழுக்க மாநகராட்சிகள் செயலியை இறக்கச் சொல்லிப் பிரசாரத்தில் இறங்கின. தெருவைப் பெருக்குகிற வேலையோடு, தெருவைப் பற்றி நல்லபடியாகச் சொல்லவைக்கிற வேலையும் சேர்ந்துகொண்டது. ரிவ்யூவில் ஐந்து ஸ்டார் போட்டால் ஐஸ்கிரீம் இலவசம் என்று ஹோட்டலில் அட்டை வைப்பதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

அதைவிட முக்கியமானது, யாருடைய கருத்துக்கு எவ்வளவு எடை என்பது. அரியமங்கலத்தில் சுமார் 47 ஏக்கர் குப்பைக் கிடங்கு பல பத்தாண்டுகளாக ஊரின் குப்பையைச் சுமந்தது. அது தீப்பிடித்துப் புகையும்போது பக்கத்துத் தெருவில் குழந்தையைத் தூங்க வைக்கிற அம்மாவின் பதிலும், தில்லைநகரில் வீட்டு வாசலுக்கே குப்பை வண்டி வருகிறவரின் பதிலும் சதவீதத்தில் ஒன்றுதான். நகரம் சராசரியில் பச்சையாகிவிடும். புகை எங்கே இருக்கிறது என்று அந்தப் பச்சை சொல்லாது.

வாசலில் உட்கார்ந்திருப்பவர்

இதே திருச்சியில் நேர் எதிரான ஒரு முறையும் நடந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கிராமாலயா போன்ற தொண்டு நிறுவனங்களும் மாநகராட்சியும் சேர்ந்து, குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பறைகளை அந்தந்தத் தெருப் பெண்களின் குழுக்களிடம் ஒப்படைத்தன. வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். வருகிறவரிடம் சில்லறை வாங்கி, நோட்டில் எழுதி, அந்தக் காசில் பினாயில், பல்பு, மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொள்வார்கள். கல்மந்தை, திறந்தவெளியில் மலம் கழித்தல் ஒழிந்த முதல் நகர்ப்புறக் குடிசைப் பகுதி என்று நாடு முழுக்கப் பேசப்பட்டது.

இதில் புகார் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். மூன்றாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றால், அதைச் சொல்பவரும் கேட்பவரும் ஒரே தெரு. கேட்பவரும் அதே கதவைத்தான் பயன்படுத்துகிறார். சரி செய்யும் காசும் அவர் கையில். அங்கே சென்டிமென்ட் கணக்கெடுக்க என்ன இருக்கிறது? தாழ்ப்பாள் வாங்கினால் தீர்ந்தது.

பெரிய கம்பெனிகளை இப்படி நடத்த முடியாது என்பீர்கள். முழுக்க முடியாதுதான். நாளைக்கு லட்சம் மென்ஷன் வருகிற இடத்தில் எந்திரம் பிரித்துக் கொடுக்காமல் மனிதர் படிக்க வழியில்லை, ஒத்துக்கொள்கிறேன். பகிரங்கமாகச் சத்தம் போட்டதால்தான் பல சாதாரண ஆட்களுக்கு நியாயம் கிடைக்கிறது என்பதும் உண்மை. ஜொமேட்டோ விஷயத்தில் ஸ்கிரீன்ஷாட் வெளியே வராவிட்டால் தமிழ் சேவையைப் பற்றி அன்றைக்கு யாரும் அறிக்கை விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சத்தம் போடத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கிற நியாயம் ஒரு ஏற்பாடு ஆகாது. போன் பேசத் தயங்குகிற பாட்டிக்கும் விட்டுப்போன சாப்பாட்டின் காசு திரும்ப வர வேண்டும்.

எங்கள் உத்திர வீதிப் பக்கத்தில் ஒரு சின்ன மெஸ். முதலாளியின் மகள் போனில் ரிவ்யூக்களைப் படித்துக் காட்டுவாள். ஒருமுறை நான் இருக்கும்போது இரண்டு ஒற்றை ஸ்டார் வந்திருந்தது. ஒருவர், சாம்பாரில் வெங்காயமே இல்லை என்று எழுதியிருந்தார். இன்னொருவர், கை கழுவும் இடத்தில் தண்ணீர் தேங்கி வழுக்குகிறது என்று. முதலாளி முதல் ஆளுக்குக் கவலைப்படவில்லை. "அவருக்கு வேற கடை வேணும் தம்பி, நம்ம கடையில அது கிடையாது, அவ்வளவுதான்" என்றார். இரண்டாவதைக் கேட்டதும் எழுந்து போய்ப் பார்த்தார். சாயங்காலம் குழாய்க்காரர் வந்தார். வட்டப் படத்தில் இரண்டும் ஒரே சிவப்பு. அவருக்கு இரண்டும் வேறு வேறு, ஏனென்றால் அவர் படித்தது வார்த்தையை.

என்னைக் கேட்டால், ஒரு நிறுவனம் மக்களைக் கேட்கிறதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். வெளியே சத்தம் வருவதற்கு முன்னால் அதே புகார் உள்ளே வந்திருந்ததா? வந்தபோது அதற்கு என்ன ஆனது? சத்தம் வந்த பிறகு மாறியது ஏற்பாடா, இல்லை ஒரு கடைநிலை ஊழியரின் வேலையா? எந்த டேஷ்போர்டும் இந்த மூன்றையும் காட்டி நான் பார்த்ததில்லை.

பில் கவுன்ட்டர்

இதையெல்லாம் பேசிக்கொண்டே அக்கா பையனும் நானும் அன்றைக்கு அம்மா மண்டபம் வரைக்கும் நடந்தோம். திரும்பி வரும்போது, வாரம் ஒருநாள் பச்சையிலிருந்தும் சாம்பலிலிருந்தும் ஐம்பது கமெண்ட்டையாவது கையால் படிச்சு ஒரு பக்கம் எழுதிச் சேர்க்கிறேன் என்றான். நல்ல பையன். சேர்க்கவும் செய்தான். முதல் வாரமே பில் கவுன்ட்டர் பற்றி மட்டும் பதினோரு கமெண்ட் இருந்ததாம், அதில் சிவப்பாக இருந்தது இரண்டுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான். கடைக்காரர் என்ன சொன்னார் என்று ஆவலாகக் கேட்டேன்.

"அந்தப் பக்கத்தைப் பார்த்தார் மாமா. 'சரி தம்பி, மொத்தத்துல சிவப்பு எவ்வளவு?'ன்னார். போன வாரத்தை விடக் குறைவுதான் சார்னேன். 'அப்ப நல்லாத்தானே போயிட்டிருக்கு'ன்னுட்டார்."

பில் கவுன்ட்டரில் இன்னொரு ஆள் போட்டார்களா என்று கேட்டேன்.

"தெரியல மாமா. ரிப்போர்ட்ல அதுக்குக் கட்டம் இல்ல."